குரு ‘தொடர்ந்து செய்’ என்கிறார், ஜபமோ வறண்டு கிடக்கிறது. வளர்ச்சியை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

நடுவழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் சைவ மரபில் வந்த ஒரு பெரியவரிடம் தீட்சை வாங்கி ஐந்தெழுத்து உபதேசம் பெற்றேன். காலையிலும் மாலையிலும் நூற்றெட்டு உரு (நூற்றெட்டு முறை மந்திரம் சொல்வது), அதை மட்டும் விடாமல் செய்துவருகிறேன். ஆரம்பத்தில் உட்கார்ந்தாலே கண்ணில் நீர் வரும், உடம்பு சிலிர்க்கும், எழுந்திருக்கவே மனம் வராது. இப்போது அதெல்லாம் போன இடம் தெரியவில்லை. விரல் பாட்டுக்கு மணியை உருட்டுகிறது, மனம் பாட்டுக்கு நாளைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையையும், யாரோ என்றைக்கோ சொன்ன சுடுசொல்லையும் பிடித்துக்கொண்டு அலைகிறது. முடித்துவிட்டு எழும்போது ஒரு கடமை முடிந்தது என்ற நிம்மதிதான் மிச்சம்.

குருவிடம் சொன்னேன். ‘தொடர்ந்து செய்’ என்றார். அடுத்த முறை போனபோதும் அதையே சொன்னார். அவருக்கு வயதாகிவிட்டது, பேச்சும் குறைவு. அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, யாரிடமும் பணம் கேட்டதில்லை, யாரையும் மிரட்டியதில்லை. ஆனால் குருவின் வழிகாட்டல் என்றால் இவ்வளவுதானா என்று தோன்றுவதைத் தடுக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் என் நண்பர் வேறோர் அமைப்பில் சேர்ந்து மூச்சுப் பயிற்சி, குண்டலினி என்று மும்முரமாக இருக்கிறார். புருவ நடுவில் நீல ஒளி தெரிகிறதாம், முதுகுத்தண்டில் ஏதோ ஏறுகிறதாம். கேட்கக் கேட்கக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. ‘உனக்குச் சரியான குரு அமையவில்லை, அதனால்தான் அப்படியே நிற்கிறாய்’ என்கிறார்.

கேட்க வந்தது இதுதான். ஆன்மா முன்னேறுகிறது என்பதற்கு ஏதாவது அடையாளம் உண்டா, இல்லை செத்த பிறகுதான் தெரியுமா? ஒருவரிடம் தீட்சை வாங்கிவிட்டு இன்னொருவரிடம் போனால் அது குருத்துரோகமா? ‘தொடர்ந்து செய்’ என்பதே ஒரு வழிகாட்டல்தானா, அல்லது சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் சொல்வதா? தத்துவ விரிவுரை வேண்டாம், நடந்து பார்த்தவர்கள் சொன்னால் போதும்.

கேள்விமட்டும் எழுதியது:

நீல ஒளி தெரிந்தால் ஆன்மா வளர்ந்துவிட்டது என்று யார் சொன்னார்கள்? கண்ணை மூடி நெடுநேரம் உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஏதாவது நிறம் தெரியத்தான் செய்யும். பதஞ்சலி யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் சித்திகளை (யோகத்தால் வரும் அபூர்வ ஆற்றல்களை) வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் ‘இவை சமாதிக்கு இடையூறு, வெளியே திரும்பிய மனத்துக்குத்தான் சித்தி’ என்று ஒரே வரியில் போட்டு உடைத்துவிடுகிறார். சித்திக்கே அந்தக் கதி என்றால் நீல ஒளிக்கு என்ன மரியாதை.

நண்பரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். ஒளி தெரிய ஆரம்பித்த பிறகு வீட்டில் சத்தம் போடுவது குறைந்திருக்கிறதா? அவரிடம் கேட்பதைவிட அவர் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

உழவாரம் எழுதியது:

விரிவுரை வேண்டாம் என்கிறீர்கள், ஆனால் கொஞ்சம் தத்துவம் பேசாமல் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் வராது. நீங்கள் வாங்கியது சைவ தீட்சை என்பதால் அந்த மரபு சொல்வதையே சொல்கிறேன், மற்ற மரபுக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

சைவ சித்தாந்தக் கணக்கில் உயிர் புதிதாக வளர்வதில்லை. உயிர் அனாதியாக உள்ள அறிவுப்பொருள், அதை ஆணவம் என்ற மலமும் (அழுக்கும்) அனாதியாகவே மறைத்திருக்கிறது, செம்பில் களிம்பு போல. அந்த மறைப்பு பக்குவப்பட்டுத் தளர்வதைத்தான் மலபரிபாகம் என்கிறார்கள். அதனோடு சேர்த்து இருவினையொப்பு என்று ஒன்று உண்டு. நல்வினைப் பயன் வந்தாலும் தீவினைப் பயன் வந்தாலும் ஒன்றில் துள்ளாமல் மற்றதில் துவளாமல் இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்கிற நிலை அது. இவை கூடுகிறபோது சத்திநிபாதம், அதாவது அருள் பதிவது. அந்தப் பக்குவத்தில் இறைவனே குருவாக வந்து உணர்த்துகிறான் என்பது சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில் வருகிற செய்தி. வேடர்களிடையே வளர்ந்து தான் யார் என்பதையே மறந்துபோன அரசகுமாரனை வைத்துச் சொல்வார் அந்த நூலை எழுதிய மெய்கண்டார். ஐம்புலன்கள்தான் அந்த வேடர்கள்.

இதில் எங்கேயாவது சிலிர்ப்பு, ஒளி, முதுகுத்தண்டு என்று அடையாளம் சொல்லியிருக்கிறதா பாருங்கள். திருமுறைகளில் கண்ணீர் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது அன்பு முற்றியதால் வருவது. வரவில்லையே என்று ஏங்கி அதை எதிர்பார்த்து உட்காருவது வேறு. நடைமுறையில் பார்க்க வேண்டுமானால் இப்படிப் பாருங்கள்: பாராட்டு வரும்போது முன்பு இருந்த துள்ளல் இப்போதும் அதே அளவில் இருக்கிறதா, ஒருவர் அவமானப்படுத்தினால் அது எத்தனை நாள் உள்ளே தங்குகிறது, ‘நான் செய்தேன்’ என்ற எண்ணம் ஒரு நல்ல காரியம் செய்து முடித்தவுடன் எவ்வளவு வேகமாக வந்து நிற்கிறது. இதெல்லாம் ஒரு மாதத்தில் தெரியாது. வருடக்கணக்கில் திரும்பிப் பார்த்தால் தெரியும். உங்களைவிட உங்களோடு இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், மேலே ஒருவர் சொன்னது வேடிக்கை மாதிரி இருந்தாலும் உண்மை.

அடுத்தது, நீங்கள் வாங்கியது எந்தத் தீட்சை என்று சொல்லவில்லை. சைவத்தில் சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என்று படி உண்டு. சமய தீட்சை சரியைக்கும், விசேடம் கிரியைக்கும் (சிவபூசை) யோகத்துக்கும், நிர்வாணம் ஞானத்துக்கும் தகுதி தருவது என்பது வழக்கம். பெரும்பாலோர் வாங்குவது சமய தீட்சை. அப்படியானால் உங்கள் குரு உங்களுக்குக் கொடுத்தது வெறும் நூற்றெட்டு உரு மட்டும் இருக்காதே! திருநீறு தரித்து நித்திய அனுட்டானம் (அன்றாட வழிபாட்டு ஒழுங்கு), கோயில் வழிபாடு, கோயில் தொண்டு, அடியாரைப் போற்றுவது, இதெல்லாம் சேர்ந்ததுதான் சரியை. நீங்கள் அதில் ஜபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இக்காலத்தில் எல்லோரும் செய்வது அதுதான். உட்கார்ந்த இடத்தில் செய்வது மட்டும் சாதனை, குனிந்து செய்வதெல்லாம் வேலைக்காரர்கள் வேலை என்று ஒரு நினைப்பு. அப்பர் சுவாமிகள் கையில் உழவாரம் எடுத்துக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். நால்வரில் சரியைக்கு அவரையும், கிரியைக்குச் சம்பந்தரையும், யோகத்துக்குச் சுந்தரரையும், ஞானத்துக்கு மாணிக்கவாசகரையும் சொல்வார்கள். அப்பருக்குத் தெரியாத ஞானமா? அவரே அதை விடவில்லை.

படிப்பு நிறைய இருந்தால் வளர்ந்துவிட்டோம் என்றும் சிலர் நினைப்பதுண்டு, அதற்கும் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். மெய்கண்டார் காலம் 13-ஆம் நூற்றாண்டு. அவர் குடும்பத்துக்குக் குலகுருவாக இருந்தவர் அருணந்தி, ஆகமங்களெல்லாம் கரைகண்டவர், சகலாகம பண்டிதர் என்றே பெயர். திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சிறுபிள்ளை உட்கார்ந்து பாடம் சொல்கிறது என்று கேள்விப்பட்டு, தன்னை வந்து பார்க்காமல் இருக்கிறதே என்ற கோபத்தோடு நேரில் போனார். ஆணவ மலம் எப்படி இருக்கும் என்று கேட்டார். பிள்ளை வாய் திறக்காமல் அவரையே மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தது. அவ்வளவுதான், பண்டிதர் காலில் விழுந்து சீடரானார், பிறகு சிவஞான சித்தியார் எழுதினார் என்பது மரபில் சொல்லும் வரலாறு. அவர் படித்த ஆகமமெல்லாம் வீணாகவில்லை, சித்தியாரில் வந்து சேர்ந்தது. ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குக் காட்ட இன்னொருவர் தேவைப்பட்டார்.

நல்லூர்த்தேரடி எழுதியது:

உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன், மற்றதற்கெல்லாம் இங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் செல்லப்பா சுவாமி என்று ஒருவர் இருந்தார். நல்லூர்க் கந்தசாமி கோயில் தேரடிதான் அவர் இருப்பிடம். ஊர் அவரை விசரன் (பைத்தியக்காரன்) என்றுதான் சொல்லிற்று. கிட்டப் போனால் ஏசுவார், துரத்துவார், தனக்குள்ளே ஏதோ கதைத்துக்கொண்டிருப்பார். யோகர் சுவாமிகள் (1872–1964) அவரிடம்தான் போய் விழுந்தார். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பில் இருந்த மனிதர், வேலையை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் நடந்தார். அந்தக் குரு என்ன வகுப்பா எடுத்தார்? பாடத்திட்டமா கொடுத்தார்? அவர் வாயிலிருந்து வந்தவை என்று நாங்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது நாலு வசனம்: ஒரு பொல்லாப்பும் இல்லை, எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை. அதை வைத்துக்கொண்டு யோகர் சுவாமிகள் கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியில் வருடக்கணக்கில் உட்கார்ந்தார். பிறகு அவரைத் தேடிப் போனவர்களுக்கும் அதையேதான் சொன்னார்.

தாயுமானவருக்கு மௌனகுரு சொன்னதும் ‘சும்மா இரு’ என்ற இரண்டு சொல்தான். அதையும் சொல்லிவிட்டு உடனே துறவுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை, இல்லறத்தில் இருந்துவிட்டு வா என்று அனுப்பியதாகத்தான் வரலாறு. அவர் போய்க் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, மனைவி போன பிறகு திரும்பினார்.

ஆகவே குருவுக்குச் சொல் குறைவு என்பது குறை அல்ல. உங்கள் ஐயா ‘தொடர்ந்து செய்’ என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார், நீங்கள் இரண்டு முறையும் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கோபிக்க வேண்டாம்.

தனிவழி எழுதியது:

எல்லோரும் குரு குரு என்கிறீர்கள். ரமணருக்கு யார் குரு? வள்ளலாருக்கு எந்த ஆசிரியர் தீட்சை கொடுத்தார்? இறைவன் உள்ளேதான் இருக்கிறான், நடுவில் ஓர் ஆள் எதற்கு? இத்தனை ஏமாற்றுக்காரர்கள் காவி கட்டிக்கொண்டு திரிகிற காலத்தில் ‘உள்ளே இருக்கிற குருவைக் கேள்’ என்பதுதான் பாதுகாப்பு. நான் யாரிடமும் போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

பழையமாணவி எழுதியது:

தனிவழி அண்ணாவுக்கு முதலில். ரமணருக்கு மனித உருவில் குரு இல்லை என்பது சரி. ஆனால் அவர் குரு இல்லை என்று சொல்லவில்லை, அருணாசலமே தன் குரு என்றார். 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்தவர் 1950-ல் உடலை விடும் வரை அந்த மலையை விட்டுப் போகவில்லை. வள்ளலாரும் இறைவனே தனக்கு ஆசிரியன் என்று பாடிப் பாடித்தான் போனார். அப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுக்க நிற்கிறவருக்கு மனிதக் குரு தேவையில்லை என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் நம்மில் பலருக்கு உள்ளே பேசுகிற குரல் நமக்குப் பிடித்ததை மட்டும்தான் சொல்கிறது. இன்றைக்குச் சோர்வாக இருக்கிறது, நாளைக்கு உட்காரலாம் என்று சொல்வதும் அதே குரல்தான். வெளியே ஒருவர் இருந்தால் பிடிக்காததையும் சொல்வார்.

இப்போது நடுவழி அவர்களுக்கு. நான் வேதாந்தப் பாடம் கேட்டவள், சைவ தீட்சை விவரம் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் வேறு குருவிடம் போவது துரோகமா என்ற கேள்வியில் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் அவதூதர் (எல்லாம் துறந்து திரியும் துறவி) தனக்கு இருபத்துநாலு குரு என்று பட்டியல் போடுகிறார். பூமி, காற்று, கடல், விட்டில், தேனீ, மலைப்பாம்பு எல்லாம் அதில் உண்டு. ராமகிருஷ்ணர் பைரவி பிராமணி என்ற பெண்மணியிடம் தந்திர சாதனைகளைக் கற்றார், பிறகு தோதாபுரியிடம் அத்வைதம். யாரும் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை. தீட்சை தந்தவர் ஒருவர், பாடம் சொல்கிறவர் இன்னொருவர் என்று இருப்பது பல மரபுகளில் சாதாரணம். ஆனால் ராமகிருஷ்ணர் ஒன்றில் முழுக்க இறங்கி அதன் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தார். வறண்டுவிட்டது என்று தாவவில்லை. உங்கள் பதிவைப் படித்தால், அந்த நண்பரின் குரு மீது உங்களுக்கு மரியாதை வந்துவிட்டது என்று தோன்றவில்லை, நண்பரின் அனுபவத்தின் மீது ஆசை வந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அது வேறு, இது வேறு.

இன்னொன்று. மூச்சை அடக்கி நிறுத்துகிற பயிற்சிகளைக் காணொளியைப் பார்த்தோ நண்பர் சொல்லிக்கொடுத்தோ தொடங்காதீர்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, மனச்சோர்வு இருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதற்கெல்லாம் பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்த்து ‘போதும், நிறுத்து’ என்று சொல்கிற ஆள் வேண்டும்.

குருவை எப்படி எடைபோடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன். முண்டக உபநிடதம் இரண்டே தகுதி சொல்கிறது: வேதத்தை முறையாகக் கற்றவர், பிரம்மத்தில் நிலைத்தவர். இரண்டாவதை நம்மால் அளக்க முடியாது, அதனால்தான் ஏமாறுகிறோம். அளக்க முடிகிறவை சில உண்டு. கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கீதை நான்காம் அத்தியாயம் 34-ஆம் சுலோகத்தில் கண்ணன் குருவை அணுகும் முறையைச் சொல்கிறான்: பணிவு, கேள்வி, சேவை. நடுவில் இருப்பது கேள்வி. பணிவையும் சேவையையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பதை எடுத்துவிட்டவர்கள் நிறைய. நான் முன்பு போய்வந்த ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) அடுத்த நிலை, அடுத்த நிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம். கணக்கு எங்கே போகிறது என்று ஒரு பெண் கேட்டாள். ‘உன் அகங்காரம் பேசுகிறது’ என்று எல்லோர் முன்னாலும் அவளை உட்கார வைத்தார்கள். அன்றோடு நான் போவதை நிறுத்திவிட்டேன்.

குடும்பத்தோடு பேசாதே, மருந்தை நிறுத்து, தனியாக வந்து பார், இங்கே நடப்பதை வெளியே சொல்லாதே, இதில் ஒன்று காதில் விழுந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும், அதற்குப் பெயர் குருத்துரோகம் இல்லை. மந்திரத்தை வெளியே சொல்லாதே என்பது மரபு, தன் நடத்தையை வெளியே சொல்லாதே என்பது மரபு கிடையாது. இரண்டையும் குழப்பித்தான் ஏமாற்றுகிறார்கள். குருட்டைப் போக்காத குருவைப் பிடித்துக்கொண்டு இரண்டு குருடரும் சேர்ந்து குழியில் விழுவதைத் திருமூலரே பாடியிருக்கிறார், ஆக இது புதிய தொல்லையும் இல்லை.

நல்ல குருவுக்கு ஓர் எடுத்துக்காட்டு என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது திருக்கோஷ்டியூர் நம்பி. ராமானுஜரை உபதேசத்துக்காகப் பதினெட்டு முறை நடக்கவைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ரகசியம் என்று சொல்லிக் கொடுத்ததை ராமானுஜர் ஊரைக் கூட்டிச் சொன்னார், சொன்னால் நரகம் என்று தெரிந்தே சொன்னார், கேட்பவர்கள் எல்லோரும் கரையேறட்டும், தான் ஒருவன் போனால் போகட்டும் என்று. அப்போது நம்பி என்ன செய்தார் என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. கோபத்தோடு கூப்பிட்டவர், காரணத்தைக் கேட்டதும் ‘எம்பெருமானார்’ என்று அணைத்துக்கொண்டார். தன்னைத் தாண்டிப் போகிற சீடனைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற குரு.

உங்கள் பெரியவர் பணம் கேட்கவில்லை, மிரட்டவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது சின்ன விஷயம் இல்லை.

நடுவழி எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி.

உழவாரம் ஐயா, வாங்கியது சமய தீட்சைதான். அனுட்டானம் என்று ஒரு சிறு தாளில் எழுதித் தந்தார், அதில் நீங்கள் சொன்ன மாதிரி நிறைய இருந்தது. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஜபம் மட்டும் நின்றது. கோயிலுக்குப் போவதுண்டு, தொண்டு என்று ஒன்றும் செய்வதில்லை.

நல்லூர்த்தேரடி அண்ணா சொன்னது சுட்டது, ஆனால் கோபம் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை. குரு பேசாமல் இருப்பது செல்லப்பா சுவாமி மாதிரியா, அல்லது வெறும் வயதான களைப்பா என்று சீடனுக்கு எப்படித் தெரியும்? அவரிடம் மறுபடி போய்க் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. மூன்றாவது முறையும் ‘வறட்சி’ என்று போய் நின்றால் என்ன நினைப்பார்? அப்புறம் ஜபத்தில் மனம் ஓடுவதற்கு நடைமுறையாக ஏதாவது உண்டா? எண்ணிக்கையைக் கூட்டலாமா?

உழவாரம் எழுதியது:

எண்ணிக்கையைக் குருவைக் கேட்காமல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மனம் ஓடுகிறபோது எண்ணிக்கையைக் கூட்டினால் ஓட்டமும் சேர்ந்து கூடும், அவ்வளவுதான்.

ஜபம் மூன்று வகை. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைய முணுமுணுப்பது உபாஞ்சு, உதடும் அசையாமல் மனத்துக்குள் சொல்வது மானசம். மானசம்தான் உயர்ந்தது என்று படித்துவிட்டு எல்லோரும் முதல் நாளே அதில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அதில் மனம் நழுவுவது கண்ணுக்கே தெரியாது, விரல் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் எழுதியது அப்படியே அதுதான். நழுவுகிறது என்று தெரிந்தால் உபாஞ்சுவுக்கு இறங்கி வாருங்கள். நழுவினால் உதடு நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். மாலையின் தலைமணியான மேருமணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்புகிறோமே, அந்த இடத்தில் ஒரு மூச்சு நிதானித்து, அதுவரை வந்தது எப்படி என்று பார்த்துக்கொண்டு மேலே போகலாம். உட்காருவதற்கு முன் ஒரு பதிகம் வாய்விட்டுப் பாடிவிட்டு உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும், அவசரமாக இருந்தால் இரண்டு பாட்டு.

அந்தத் தாளைத் தேடி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். விடுமுறை நாளில் ஒரு கோயிலில் பிராகாரம் கூட்டுங்கள், விளக்குத் துடையுங்கள், பூத்தொடுக்கத் தெரிந்தால் தொடுங்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செய்யுங்கள். அதைப் படம் எடுத்துப் போட்டால் இருவினையொப்பு இன்னும் தள்ளிப்போகும் (சிரிக்கத்தான் சொன்னேன், ஆனால் உண்மையும்கூட).

குருவின் மௌனம் எந்த மாதிரி என்று எப்படித் தெரியும் என்றால், கொடுத்ததை முழுக்கச் செய்து பார்த்தால்தான் தெரியும். பாதி செய்துவிட்டு அவர் சொன்னது போதவில்லை என்று முடிவுக்கு வர வழியில்லை. இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன வழியில் திருப்பெருந்துறையில் குருந்தமரத்தடியில் குருவைக் கண்டார். அந்தக் குரு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் பாடம் நடத்தவில்லை. ஆட்கொண்டார், மற்ற அடியாரோடு மறைந்துவிட்டார், இவரை விட்டுவிட்டுப் போனார். திருவாசகத்தில் பாதிக்கு மேல் அந்தப் பிரிவின் அழுகைதான், என்னை ஏன் விட்டுப்போனாய் என்பதுதான். குரு பக்கத்தில் இல்லாத, பேசாத, ஒன்றும் ருசிக்காத காலமும் அந்தச் சாதனைக்குள்ளேயே அடக்கம் என்று அதைப் படித்தால் புரியும். நீங்கள் வெளியே நின்றுகொண்டிருக்கவில்லை.

பழையமாணவி எழுதியது:

கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வறட்சியாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொன்னால் யாராக இருந்தாலும் ‘தொடர்ந்து செய்’ என்றுதான் சொல்வார்கள், வேறு என்ன சொல்ல முடியும்? எந்த நேரத்தில் உட்காருகிறேன், தாளில் இருப்பதில் எதைச் செய்கிறேன், எதை விட்டுவிட்டேன், ஜபத்தில் எந்த நினைப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று விவரமாகச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சுடுசொல்லையும் சொல்லுங்கள். உங்கள் பதிவில் அது ஒரு வரியில் வந்து போய்விட்டது, எனக்கென்னவோ அதுதான் பெரிய விஷயம் என்று தோன்றியது. நேரில் பேச நாக்கு வரவில்லை என்றால் எழுதிக்கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். ஆனி ஆடி வாக்கில் குருபூர்ணிமை வருகிறது, எப்படியும் வணங்கப் போவீர்கள், அன்றைக்கே கொடுக்கலாம். ஆனால் அன்று கூட்டம் இருக்கும், உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் வேறு நாளில் போவதே நல்லது.

தனிவழி எழுதியது:

நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ரமணர் மலையை விட்டு நகரவில்லை என்ற விஷயத்தை இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. யோசிக்கிறேன்.

கேள்விமட்டும் எழுதியது:

உழவாரம் ஐயாவோடு ஓரிடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தொண்டு செய்தால் வறட்சி போய்விடும் என்று நடுவழி எடுத்துக்கொண்டால், ஆறு மாதம் பிராகாரம் கூட்டிவிட்டு ‘இன்னும் சிலிர்க்கவில்லையே’ என்று திரும்ப வந்து நிற்பார். பதஞ்சலி முதல் பாதத்திலேயே, பயிற்சி உறுதிப்பட நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்ய வேண்டும் என்கிறார். நெடுங்காலம் என்றால் எத்தனை வருடம் என்று எண் போடவில்லை. இடையூறுகளாக அவர் சொல்லும் ஒன்பதில் சந்தேகமும் ஒன்று, எட்ட வேண்டிய நிலை எட்டவில்லை என்பதும் ஒன்று, எட்டியதில் நிலைக்க முடியவில்லை என்பதும் ஒன்று. உங்களுக்கு வந்திருப்பது கடைசியாகச் சொன்னது என்று நினைக்கிறேன்.

உழவாரம் எழுதியது:

கேள்விமட்டும், அது சரியான திருத்தம். வறட்சி போவதற்காகத் தொண்டு என்று நான் எழுதியதாகப் படித்தால் அதை அடித்துவிடுங்கள். சமய தீட்சை வாங்கியவர் சரியை செய்ய வேண்டும், அது அவர் ஏற்றுக்கொண்டது, காரணம் அவ்வளவுதான்.

நடுவழி, அந்தத் தாள் கிடைக்கவில்லை என்றால் குருவிடமே இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை போய் நிற்க அதுவே ஒரு காரணமாகவும் இருக்கும்.